வெளிநாட்டு ஆர்டர் சுங்கத்தைத் தாண்டுவது எப்படி? நாகர்கோவில் பார்சல் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் பார்சல் கட்டி அனுப்பும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறேன். வடசேரியில் கோயில் நகை செய்பவர்கள், முளகுமூட்டுப் பக்கமிருந்து கைலேஸ் கொண்டுவரும் அக்காமார், மார்த்தாண்டம் தேன் வியாபாரிகள், சுங்கான்கடை மண்பாண்டக்காரர்கள் என்று பலரும் இப்போது இணையத்தில் கடை திறந்து வெளிநாட்டு ஆர்டர் பிடிக்கிறார்கள். ஆர்டர் பிடிப்பதில் அவர்களுக்குச் சிரமம் இல்லை. பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும்போதுதான் என்னிடம் வருகிறார்கள். வருகிறவர்கள் கேட்பதை அவர்கள் கேட்டபடியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான் சொல்லும் பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

1. பார்சலுக்குப் பணம் கட்டித்தானே அனுப்புறோம், பிறகு கஸ்டம்ஸ் எதுக்காக்கும் நிறுத்துறாங்க?

நீங்கள் கட்டியது சுமந்து செல்வதற்கான கூலி மட்டுமே. உங்கள் பெட்டி இரண்டு சுங்கங்களைக் கடந்தாக வேண்டும். இந்தியச் சுங்கம், இந்தப் பொருள் நாட்டை விட்டு வெளியே போகலாமா, இதற்கான பணம் முறையாக நாட்டுக்குள் வருமா என்று பார்க்கிறது. பெட்டி போய்ச் சேரும் நாட்டின் சுங்கம், இந்தப் பொருள் உள்ளே வரலாமா, வந்தால் எவ்வளவு வரி என்று பார்க்கிறது.

இரண்டு இடங்களிலும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. அவர் முன்னால் இருப்பவை நீங்கள் எழுதிக் கொடுத்த தாளும், கணினியில் ஏறிய விவரமும், எக்ஸ்ரே படமும்தான். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டால், பெரும்பாலான பெட்டிகள் திறக்கப்படாமலே போய்விடுகின்றன. என் மேசைக்குத் திரும்பி வந்த பெட்டிகளில் பலவற்றுக்கும் வினை, அவை வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டிருந்தது.

2. என்னென்ன நம்பர் எடுக்கணும்? ஐஇசி இல்லாம முடியாதா?

விற்பனைப் பொருளை அனுப்ப ஐஇசி எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தபடியே எடுத்துவிடலாம். உங்கள் பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் இருக்கும். பலர் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில்தான். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களுக்குள் அந்தத் தளத்தில் நுழைந்து, எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், விவரம் சரி என்று உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் முடக்கப்படும். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் ஆர்டர் குவியும் நேரத்தில்தான் அது தெரியவரும்.

ஏற்றுமதி என்பது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனையாகக் கருதப்படுவதால் ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படும். கைவினைப் பொருள் செய்யும் சிறு உற்பத்தியாளர்கள் தங்களுக்குச் சலுகை பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம் என்பதால், ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்னும் உறுதிக்கடிதத்தை ஜிஎஸ்டி தளத்தில் பதிந்துவிட்டால் வரி கட்டாமலே பொருளை அனுப்பலாம். இவற்றோடு, உங்கள் வங்கி தரும் 14 இலக்க ஏடி கோடும், அதாவது அந்நியச் செலாவணியைக் கையாள அனுமதி பெற்ற வங்கிக்கான குறியீடும் வேண்டும். வங்கிக் கிளையில் இதைக் கேட்டதும் புரியாமல் பார்த்தார்கள் என்றால், அந்நியச் செலாவணிப் பிரிவு எந்தக் கிளையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

3. தபால்ல போடுறதா, கூரியர்ல போடுறதா?

கூரியரில் வணிகப் பொருள் சிஎஸ்பி 5 என்னும் கூரியர் ஷிப்பிங் பில்லில், அதாவது சுங்கத்துக்குத் தரும் ஏற்றுமதி அறிவிப்பில் போகும். இதற்கு இருந்த உச்சவரம்பு 2023இல் 5 லட்சம் ரூபாயிலிருந்து 10 லட்சமாக உயர்த்தப்பட்டது; 2026 பட்ஜெட்டில் அதை முழுதாக நீக்குவதாக அறிவித்தார்கள். எப்படியும் நம் சிறு கடைகளுக்கு வரம்பு இடிக்கப் போவதில்லை. நீங்கள் கவனிக்க வேண்டியது, கூரியர் முகவர் உங்கள் பெட்டியை சிஎஸ்பி 5இல்தான் போடுகிறாரா என்பதை. சிஎஸ்பி 4 என்பது மாதிரிப் பொருளுக்கும் அன்பளிப்புக்கும் உரியது. சில முகவர்கள் ‘வேலை சுலபம்’ என்று விற்பனைப் பொருளையும் அதில் தள்ளிவிடுகிறார்கள். பெட்டி போய்விடும், ஆனால் ஏற்றுமதி செய்ததற்கான ஆதாரம் உங்கள் கையில் இருக்காது.

அஞ்சல் வழியில் ஏற்றுமதி அஞ்சல் பில்லையும் சுங்க அறிவிப்புப் படிவத்தையும் நிரப்ப வேண்டும்; 2022 டிசம்பர் முதல் இதைக் கணினி வழியே செய்ய முடிகிறது. சிறு ஏற்றுமதியாளர்களுக்கென ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்னும் மையங்களை அஞ்சல் துறை நடத்துகிறது. அருகில் எது இருக்கிறது என்று தலைமை அஞ்சலகத்தில் கேட்கலாம். கனமில்லாத, அவசரமில்லாத லேஸ், துணி போன்றவற்றுக்கு நான் அஞ்சலையே சொல்வேன். உணவுப் பொருளுக்கும் விலை கூடிய பொருளுக்கும் கூரியர் நல்லது. இடையில் ஒரு கேள்வி வந்தால், பதில் சொல்ல அங்கே ஆள் இருப்பார்.

4. இன்வாய்ஸ்ல ‘ஹேண்டிகிராப்ட்’னு எழுதினா போதாதா?

போதாது. ‘கைவினைப் பொருள்’, ‘துணி’, ‘அலங்காரப் பொருள்’, ‘பரிசு’ போன்ற சொற்களிலிருந்து அதிகாரியால் வரி விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பொருள் என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும், எத்தனை எண்ணம், ஒன்றின் விலை என்ன, எந்த நாட்டில் செய்யப்பட்டது ஆகிய ஆறும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். ‘பருத்தி நூலில் கையால் பின்னிய மேசைவிரிப்பு, வீட்டு உபயோகம், 2 எண்ணம், ஒன்று 45 பவுண்டு, தயாரிப்பு இந்தியா’ என்று எழுதினால் அந்தப் பெட்டி தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். கடை தொடங்கிய புதிதில் லண்டனுக்குப் போன ஒரு பெட்டியில் இன்வாய்ஸில் ‘காட்டன் கிளாத்’ என்றும், சுங்கப் படிவத்தில் ‘டேபிள் கவர்’ என்றும் எழுதிவிட்டேன். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது எனக்குத் தெரியும். அங்கே இருந்தவருக்கு எப்படித் தெரியும்? 19 நாள் அங்கேயே கிடந்தது. வாங்கியவர் வாங்கியது திருமணப் பரிசுக்காக. திருமணம் முடிந்த பிறகுதான் பெட்டி அவர் கைக்குப் போனது.

5. ஹெச்எஸ் கோடு எங்கேயிருந்து எடுக்குறது? தப்பாப் போட்டா என்ன ஆகும்?

பொருள்களை வகைப்படுத்த உலகச் சுங்க அமைப்பு வகுத்த குறியீடு இது. முதல் 6 இலக்கம் உலகெங்கும் ஒன்றே. இந்தியாவில் அதை 8 இலக்கமாக நீட்டியிருக்கிறார்கள். தேனுக்கு 0409, கிராம்புக்கு 0907, தென்னை நார்த் தரைவிரிப்புக்கு 5702 என்று நம் மாவட்டத்துப் பொருள்களின் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரே தலைப்புக்குள்ளும் உட்பிரிவு மாறும்: முழுக் கிராம்பு 0907 10, பொடித்தது 0907 20.

அதிகம் தவறு நடப்பது நகையில்தான். புவிசார் குறியீடு பெற்ற நாகர்கோவில் கோயில் நகையை வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியிருந்தால் அது 7113, அதாவது விலைமதிப்புள்ள உலோக நகை. அதே அச்சில், அதே சிவப்புக் கல் பதித்து, செம்பிலோ பித்தளையிலோ செய்து முலாம் பூசியிருந்தால் அது 7117, கவரிங் நகை. நாட்டியக்காரர்கள் வாங்குவதில் இரண்டும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால், ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்று மட்டும் எழுதினால் அதிகாரி சந்தேகத்தில் பெட்டியைப் பிரிப்பார். அடிஉலோகத்தை எழுதுங்கள். விலைமதிப்புள்ள உலோக நகையை அஞ்சலில் ஏற்காத நாடுகளும், எடுக்க மறுக்கும் கூரியர்களும் உண்டு என்பதால், ஆர்டரை ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. விலையைக் கொஞ்சம் குறைச்சு எழுதித் தாங்கன்னு வாங்குறவரே கேக்குறாரு, எழுதலாமா?

எழுதக் கூடாது. வரி மிச்சமாவது வாங்குபவருக்கு, கையெழுத்து உங்களுடையது. உங்கள் இணையக் கடையில் அதே பொருளின் விலை உலகம் முழுவதற்கும் தெரியும்படி இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதிகாரி பணம் கட்டிய ரசீதைக் கேட்பார். இந்தியச் சுங்கச் சட்டம் 1962இன் 113ஆம் பிரிவு முறைகேடாக ஏற்றுமதி செய்ய முயலும் பொருளைப் பறிமுதல் செய்யவும், 114ஆம் பிரிவு அபராதம் விதிக்கவும் இடம் தருகிறது. பெட்டி தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய குறைந்த விலைக்குத்தான் கிடைக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஷிப்பிங் பில்லில் 20 டாலர், வங்கிக்கு வந்தது 90 டாலர் என்றால், அந்த 70 டாலர் எதற்கு வந்தது என்று வங்கி கேட்கும். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

7. ‘கிஃப்ட்’னு போட்டா வரி இல்லியாமே?

பணம் வாங்காமல் ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்புவதுதான் அன்பளிப்பு. அதற்கும் அளவு உண்டு: பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 45 யூரோ. கடையில் விற்ற பொருளில் ‘கிஃப்ட்’ என்று எழுதுவது பொய் அறிவிப்பு. ஆறாவது பதிலில் சொன்ன அத்தனையும் இதற்கும் பொருந்தும். வாங்குபவர் அதை இன்னொருவருக்குப் பரிசாகக் கொடுக்கப் போகிறார் என்பதால் உங்கள் விற்பனை அன்பளிப்பாகிவிடாது.

8. அந்த நாட்டு வரியை நான் கட்டணுமா, வாங்குனவரு கட்டணுமா?

இருவரில் யார் வேண்டுமானாலும் கட்டலாம், முன்கூட்டியே பேசியிருந்தால். டிஏபி என்றால் பொருள் போய்ச் சேர்ந்ததும் வாங்குபவர் கட்டி எடுத்துக்கொள்வார். டிடிபி என்றால் விற்பவரே வரியையும் கட்டிக் கொடுப்பார். பேசாமல் விட்டதுதான் சண்டைக்குக் காரணம். 60 டாலருக்கு வாங்கியவர் வாசலில் வந்து நிற்பவரிடம் வரியோடு கூரியரின் கையாளும் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றால், பெட்டியே வேண்டாம் என்று கதவைச் சாத்திவிடுகிறார். பிறகு அது திரும்பும் செலவு உங்கள் தலையில்தான்.

பணம் கட்டும் பக்கத்திலேயே, ‘உங்கள் நாட்டுச் சுங்க வரி இந்த விலையில் அடங்கவில்லை’ என்றோ ‘அடங்கும்’ என்றோ ஒரே வரியில் எழுதிவிடுங்கள். கடையின் விதிமுறைப் பக்கத்தின் அடியில் ஒளித்து வைப்பதால் பயன் இல்லை.

9. துபாய்க்கு எவ்வளவு வரும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்க அண்ணாச்சி.

ஐக்கிய அரபு அமீரகத்தில் பெரும்பாலான பொருள்களுக்குச் சுங்க வரி 5 விழுக்காடு, வாட் வரி 5 விழுக்காடு. மேசைவிரிப்புத் தொகுப்பின் விலை 1,000 திர்ஹாம், அனுப்பும் செலவு 100 திர்ஹாம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அனுப்பும் செலவையும் சேர்த்தே மதிப்பிடுவதால் அடிப்படைத் தொகை 1,100. அதில் 5 விழுக்காடு சுங்க வரி 55 திர்ஹாம். வாட் வரி 1,100க்கு அல்ல, சுங்க வரியையும் சேர்த்த 1,155க்குக் கணக்கிடப்படும்; அது 57.75. ஆக மொத்தம் 112.75 திர்ஹாம், அதற்கு மேல் கூரியரின் கட்டணம். ‘5ம் 5ம் 10, ஆயிரத்துக்கு நூறு’ என்று வாய்க்கணக்குப் போட்டு வாங்குபவரிடம் சொல்லிவிட்டால் இந்த வித்தியாசத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

அமெரிக்கா போன்ற சில நாடுகளில் அடிப்படைத் தொகையில் சர்வதேசப் போக்குவரத்துச் செலவு சேராது. அதனால் இன்வாய்ஸில் பொருளின் விலையையும் அனுப்பும் செலவையும் தனித்தனி வரியில் காட்டுவது நல்லது.

10. அமெரிக்காவுக்கு 800 டாலர் வரைக்கும் வரி ஒண்ணும் கிடையாதுன்னு சொன்னாங்களே?

முன்பு அப்படித்தான் இருந்தது. 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பொருள்களுக்கும் அந்தச் சலுகை நிறுத்தப்பட்டது. அதற்கு நான்கு நாள் முன்னதாக, ஆகஸ்ட் 25 அன்றே, இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை வாங்குவதை நிறுத்தி, அக்டோபர் 15 அன்று மீண்டும் தொடங்கியது. இப்போது வரியை முன்பதிவு செய்யும்போதே வாங்கிவிடுகிறார்கள். இடைப்பட்ட ஏழு வாரங்களில் என் கடையில் அமெரிக்கப் பெட்டிகள் அடுக்கில் தூசு படிந்து கிடந்தன.

வரி விகிதம் அதன் பிறகும் மாறிக்கொண்டே இருப்பதால், அனுப்பும் நாளின் விகிதத்தை மட்டுமே நம்புங்கள். போன மாதம் மச்சான் அனுப்பினான், இவ்வளவுதான் ஆயிற்று என்ற பேச்சு இதில் உதவாது.

11. லண்டன், ஜெர்மனி, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா?

பிரிட்டனில் 135 பவுண்டு வரை சுங்க வரி இல்லை, ஆனால் வாட் உண்டு. 2021 ஜனவரி முதல் அதை விற்பவரோ விற்பனைத் தளமோ விற்கும்போதே வசூலிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் விலக்கை 2021 ஜூலை 1 அன்று நீக்கிவிட்டது. சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 9 விழுக்காடு, ஆஸ்திரேலியாவில் 10 விழுக்காடு. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்றால் இந்த வரியைத் தளமே பிடித்துக் கட்டிவிடும். அப்போது தளம் தரும் வரிப்பதிவு எண்ணைக் கூரியர் விவரத்தில் சேர்க்க மறந்தால், வாங்கியவர் இரண்டாம் முறையும் வரி கட்ட நேரும்.

12. சிப்ஸ், தேன், கருப்பட்டி, கிராம்பு, கருவாடு எல்லாம் அனுப்பலாமா?

ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. எதற்கும் முதலில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் உரிமம் வேண்டும். தேன், கருப்பட்டி, சிப்ஸ் ஆகியவற்றுக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான அபெடாவின் பதிவு, கிராம்புக்கு நறுமணப் பொருள் வாரியத்தின் பதிவு, கருவாட்டுக்குக் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் பதிவு என்று இந்தியப் பக்கம் மட்டுமே இத்தனை இருக்கின்றன. அமெரிக்காவுக்கு என்றால் தயாரிக்கும் இடத்தை அவர்களுடைய உணவு மருந்து நிர்வாகத்தில் பதிந்து, பெட்டி போய்ச் சேர்வதற்கு முன்பே முன்னறிவிப்பும் தர வேண்டும்.

தேனை ஐரோப்பிய ஒன்றியம் விலங்கிலிருந்து கிடைக்கும் பொருளாகக் கருதுகிறது. சுகாதாரச் சான்றும், அவர்களுடைய பட்டியலில் இடம்பெற்ற தயாரிப்பு நிலையமும் இல்லாமல் மார்த்தாண்டம் தேன் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும் உள்ளே போகாது. வெளிப்படையாகச் சொன்னால், புதிதாகத் தொடங்குபவர் நேந்திரம் சிப்ஸோடு வளைகுடா நாடுகளில் தொடங்கலாம்; தேனையும் கருவாட்டையும் முதல் ஆண்டில் தொட வேண்டாம்.

13. வீட்டுல அரைச்ச மசாலாப் பொடிக்கு என்ன பிரச்சினை வரப்போகுது?

கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அங்கே அது சமையல் சாமானாக அல்ல, போதைப்பொருள் கணக்கில் பார்க்கப்படுகிறது. பொடியில் கலந்திருந்தாலும் விலக்கு இல்லை. மாட்டிக்கொள்பவர் அனுப்பிய நீங்கள் அல்ல, அங்கே பெட்டியை வாங்கக் கையெழுத்துப் போடும் நம் ஊர்ப் பையன். ஒரு குருமாப் பொடிப் பொட்டலத்தின் பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டுப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, கொண்டுவந்த அக்கா என்னோடு கோபித்துக்கொண்டு போனார். கோபம் பரவாயில்லை.

14. கன்னியாகுமரி கடையில எல்லாரும் விக்குற சிப்பி, சங்குதானே, அதை ஆன்லைன்ல வித்தா என்ன?

கடற்கரைக் கடையில் கிடைப்பதாலேயே ஏற்றுமதி செய்யலாம் என்று ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள சிப்பி இனங்களையும், அவற்றில் செய்த கைவினைப் பொருள்களையும் ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. நாட்டிலஸ், ராட்சத மட்டி, டிரைட்டன் சங்கு போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. பவளப்பாறைத் துண்டு, கடற்குதிரை, மயில் தோகை ஆகியவற்றையும் அனுப்ப முடியாது. அட்டவணையில் இல்லாத சிப்பியை அனுப்பலாம், ஆனால் இன்வாய்ஸில் இனத்தின் அறிவியல் பெயரை எழுத வேண்டும். ‘கடல் சிப்பி மாலை’ என்று மட்டும் எழுதி வந்தால் என் கடையில் நான் வாங்குவதில்லை.

15. மண்பானை உடையாம இருக்க வைக்கோல் வச்சுப் பொதிஞ்சேன், அதுக்குமா பிரச்சினை?

அதுதான் பிரச்சினை. வைக்கோலை ஆஸ்திரேலியா பொதிப்பொருளாக ஏற்பதில்லை. பூச்சியும் விதையும் வந்துவிடும் என்பது காரணம். பானையில் ஒட்டிய மண்ணுக்கும் அங்கே இடம் இல்லை. பானையின் அடியை ஈரத்துணியால் துடைத்து, நன்கு வெயிலில் காயவைத்து, நெளிகாகிதத்தில் சுற்றி, இரட்டைப் பெட்டியில் வையுங்கள். மரப்பெட்டி அடிப்பதாக இருந்தால், 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரப் பலகைக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை, அதாவது மரத்தில் பூச்சி நீக்கப்பட்டதைக் காட்டும் சர்வதேச முத்திரை வேண்டும். பிளைவுட்டுக்கு அது தேவையில்லை.

16. ‘கஸ்டம்ஸ்ல நிக்குது’ன்னு காட்டுது. யாரைப் பிடிச்சாக்கும் காரியம் நடக்கும்?

யாரையும் பிடிக்க வேண்டாம். முதலில் அது நிற்பது நம் நாட்டிலா, அந்த நாட்டிலா என்று பாருங்கள். நம் நாட்டில் என்றால் கேள்வி உங்களுக்கு வரும். பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது பதில்களில் சொன்ன குறைகளில் ஒன்றுதான் இருக்கும். அந்த நாட்டில் என்றால் கேள்வி வாங்கியவரின் கைப்பேசிக்கோ மின்னஞ்சலுக்கோ போகும். அவருடைய எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதாத பெட்டி, கேட்க ஆளில்லாமல் கிடந்து திரும்பிவிடும். பிரேசில், தென்கொரியா போன்ற நாடுகளில் வாங்குபவரின் அடையாள எண்ணும் பெட்டியோடு போக வேண்டும்.

வாங்கியவருக்கு அன்றே எழுதுங்கள். பணம் கட்டிய ரசீதையும் இன்வாய்ஸையும் இணைத்து அனுப்புங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: விலை மாற்றிய புதிய இன்வாய்ஸ் தயாரிக்காதீர்கள். இரண்டு இன்வாய்ஸ் இருக்கும் பெட்டியை யாரும் நம்ப மாட்டார்கள்.

17. ஒரே ஆர்டரை மூணு பெட்டியாப் பிரிச்சு அனுப்பினா வரம்புக்குள்ள வந்துடுமே?

300 பவுண்டு ஆர்டரை மூன்றாகப் பிரித்து 135க்குள் கொண்டுவரலாம் என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. வரி வரம்பைத் தவிர்ப்பதற்காகவே ஒரே விற்பனையைப் பிரிப்பதைச் சுங்கம் ஒரே சரக்காகச் சேர்த்துப் பார்க்கும். எடை காரணமாகப் பிரிக்க வேண்டி வந்தால் மூன்றிலும் ஒரே ஆர்டர் எண்ணையும், ‘3இல் 1’, ‘3இல் 2’ என்பதையும் எழுதுங்கள்.

18. திரும்பி வந்த பெட்டிக்கு நம்ம நாட்டுலயும் வரி கேக்குறாங்களே, நியாயமா?

இங்கிருந்து போன பொருள் அதே நிலையில் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பி வந்தால் இறக்குமதிச் சுங்க வரியிலிருந்து விலக்குக் கோரலாம். ஆனால் போன பொருளும் வந்த பொருளும் ஒன்றே என்று நிறுவ வேண்டியவர் நீங்கள். சிஎஸ்பி 5 அல்லது ஏற்றுமதி அஞ்சல் பில்லின் நகல் கையில் இருந்தால் அது எளிது. மூன்றாவது பதிலில் சொன்னபடி சிஎஸ்பி 4இல் தள்ளிவிடப்பட்ட பெட்டிக்கு எதைக் காட்டுவீர்கள்? நகைக்கும் மண்பாண்டத்துக்கும் அனுப்புவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, அடியில் ஒரு சிறு எண்ணைப் பொறித்து, அந்த எண்ணை இன்வாய்ஸிலும் எழுதிவிடுவது வடசேரியில் ஒரு நகைக்காரர் பின்பற்றும் வழக்கம். அவருடைய திரும்பிய பெட்டி இரண்டே நாளில் வெளியே வந்தது.

வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அதையும் வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். ஏற்றுமதிப் பணம் வந்து சேர ரிசர்வ் வங்கி தரும் காலம் 2025 நவம்பரில் 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிக்கப்பட்டது. நீங்கள் தெரிவிக்காவிட்டால், திரும்பி வந்து உங்கள் அலமாரியில் இருக்கும் பொருளுக்கும் வங்கியின் கணக்கில் பாக்கி நின்றுகொண்டே இருக்கும்.